படியில்லாத பாதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் சுற்றுலாக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் சுற்றுலாக் குழுவினர் பேசுவதென்றால், எத்தனை பேர் வந்தனர், பேருந்துக்கு எவ்வளவு ஆயிற்று, புளியோதரை போதுமானதாக இருந்ததா என்னும் மூன்று செய்திகளோடு உரை முடிந்துவிடுவது நம் சங்கத்து வழக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தம் அறிக்கையில் சொல்லிவிட்டார். புளியோதரை சிறிதும் மிஞ்சவில்லை என்பதை மட்டும் நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். எஞ்சிய நேரத்தில், சென்ற டிசம்பரில் பரத்பூர் நீர்நிலைக்கு நாம் சென்றுவந்த ஒரு பகலைப் பற்றியும், அந்தப் பகல் எங்களுக்குக் கற்பித்த பாடம் ஒன்றைப் பற்றியும் உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

நம் குடியிருப்பின் மூன்றாம் வரிசையில் வாழும் பெரியம்மாவை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். தலைநகருக்கு வந்து குடியேறிய நம் பிள்ளைகளுள் பலர் 'அகரம்' எழுதியது அவர் விரலைப் பற்றிக்கொண்டுதான். பதினொரு ஆண்டுகளுக்குமுன் நோயினால் அவருடைய கால்கள் வலுவிழந்தன. அன்றுமுதல் சக்கர நாற்காலியே அவருக்குத் துணை. அன்றுமுதல் நம் சங்கத்தின் எந்தச் சுற்றுலாவுக்கும் அவர் வந்ததில்லை. பேருந்து புறப்படும் விடியற்காலையில் வாயிற்கதவருகே வந்து அமர்ந்து, "போய் வாருங்கள், வந்து சொல்லுங்கள்" என்று வழியனுப்புவார். நாமும் திரும்பி வந்ததும், ஒரு பொட்டலம் இனிப்பையும் சில படங்களையும் அவரிடம் கொடுத்துவிட்டு, நம் கடமை முடிந்ததென்று எண்ணிக்கொள்வோம்.

இவ்வாண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது ஒருவர் மலைக்கோட்டை என்றார். மற்றொருவர் குன்றின்மேல் உள்ள கோயில் என்றார். அப்போது எங்கள் குழுவிலிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, "பெரியம்மா வரக்கூடிய இடம் எது என்று முதலில் கேட்போமே" என்றாள். கூட்டத்தில் சற்று நேரம் அமைதி நிலவியது. பதினொரு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அவரிடம் சென்று கேட்டோம். அவர் எங்களைக் கேட்டது ஒன்றே: "அங்கே என்னை யாராவது தூக்க வேண்டியிருக்குமா?"

"வேண்டாம், பெரியம்மா. பாதை சமமாக இருக்குமாம். படியே இல்லையாம்."

"அப்படியானால் வருகிறேன்."

ராஜஸ்தானத்தின் கிழக்கு எல்லையில், நம் தலைநகரிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பரத்பூர். ஊரை ஒட்டியே கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்திருக்கின்றது. நீர்ப்பரப்பும் புல்வெளியும் காடுமாக ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பூங்காவின் நடுவே இருக்கும் சிவன் கோயிலின் பெயரே காட்டுக்கும் ஆயிற்று. 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே காணப்பட்டுள்ளன. ஆயினும் எங்களை அங்கே ஈர்த்தது அந்த எண்ணிக்கையன்று. நுழைவாயிலிலிருந்து கோயில்வரை, நீர்ப்பரப்புகளின் ஊடே, மரநிழலில் ஒரு தார்ச்சாலை செல்கிறது. அதில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. வெளியார் வண்டிகளின் இரைச்சலும் இல்லை. ரிக்ஷாவில் போகலாம்; நடக்கலாம்; சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போகலாம்.

பனிமூட்டம் விலகாத காலையில் நாங்கள் அங்கே இறங்கினோம். நாங்கள் அமர்த்திய ரிக்ஷாக்காரர் பறவைகளை இனங்காட்டுவதில் பயிற்சி பெற்றவர். கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டியிருந்தார். பெரியம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டதும் அவர் சொன்ன முதற்சொல், "மெதுவாகப் போவோம், மெதுவாகப் போனால்தான் தெரியும்" என்பதாகும். எங்களுடைய அவசரத்தை அவர் எங்கள் முகத்திலேயே கண்டுகொண்டார் போலும்.

முதல் கிலோமீட்டரில் மரப்பொந்திலிருந்து புள்ளி ஆந்தை ஒன்று எங்களை உறுத்துப் பார்த்தது. சற்று அப்பால் நீர் தொடங்கிற்று. நீரின் நடுவே கருவேல மரங்கள். மரம் முழுதும் நாரைகள்! சங்குவளை நாரை என்றும் மஞ்சள்மூக்கு நாரை என்றும் நாம் சொல்லும் பறவைகள் நூற்றுக்கணக்கில் கூடு கட்டியிருந்தன. மழைக்காலத்து இறுதியில் இட்ட முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் ஏறக்குறையத் தாயளவு வளர்ந்துவிட்டன. எனினும் தாயைக் கண்டதும் கைக்குழந்தைகளைப் போல் இரைந்தன. வளர்ந்த நாரைகளுக்கோ குரல் இல்லையென்றே சொல்லலாம். அலகோடு அலகு தட்டித்தான் அவை பேசிக்கொள்கின்றன. அவற்றின் வால்பக்கத்து இறகுகளில் மட்டும் தாமரை இதழின் வண்ணம் தீட்டியிருந்தது.

பெரியம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். சக்கர நாற்காலியை விரித்து அவரை அதில் அமர்த்தினோம். அதன்பின் அவர் நெடுநேரம் பேசவில்லை. நாங்கள் அருகே குனிந்து, "என்ன பெரியம்மா?" என்று வினவியபோது, "இந்த இரைச்சலைக் கேட்டு ஐம்பது ஆண்டுகள் ஆயின" என்றார்.

அவர் பிறந்த ஊர் வேடந்தாங்கலுக்கு அருகே உள்ளது என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். சிறுமியாக இருந்தபோது, மாலையில் ஏரிக்குத் திரும்பும் பறவைக் கூட்டங்களை வயல் வரப்பில் நின்று எண்ணுவாராம். தீபாவளியன்று ஏரிப்பக்கம் வெடி கொளுத்தக்கூடாதென்று தந்தையார் கண்டிப்பாராம். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பது அவ்வூர் உழவர்களின் பட்டறிவு. வெள்ளையர் ஆட்சியின் தொடக்கத்தில் படைவீரர்கள் அங்கே பறவைகளைச் சுட்டனர். அதுகண்டு பொறாத மக்கள் செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்து ஓர் உறுதிச்சீட்டு வழங்கினார். நாட்டில் காட்டுயிர்ச் சட்டங்கள் தோன்றுவதற்கு மிக முன்னரே, உழவர்கள் பறவைகளுக்காக வழக்காடி வென்ற வரலாறு அது.

அவ்வூர் மகளுக்கு நீர்நிலையைக் கண்டதும் எழுந்த முதற்கேள்வி, "இது என்ன பறவை?" என்பதன்று. "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்பதே.

அன்பர்களே, அந்தக் கேள்விக்குரிய விடைதான் பரத்பூரின் வரலாறு. இது இயற்கை தானே அமைத்த ஏரியன்று. 18ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ்மல் காலத்தில், வெள்ளத்தைத் தடுத்து நீரைத் தேக்க அஜான் அணைக்கரை எழுப்பப்பட்டது. கம்பீர், பாணகங்கை ஆகிய ஆறுகளின் மழைக்கால நீர் தேங்கிய பள்ளத்தில் பறவைகள் வந்து தங்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளத்தைச் சிறு கரைகளால் பிரித்து, மதகுகள் வைத்து, நீரை வேண்டிய அளவில் நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்தனர். இவ்வளவும் பறவைகளின்மேல் கொண்ட அன்பினாலன்று, வாத்து வேட்டைக்காக! 1902இல் கர்சன் பிரபு முதலாக வைசிராய்களும் மன்னர்களும் விருந்தினராக வந்து சுட்டனர். கோயிலுக்கு அருகே ஒரு கற்பலகை வரிசை உண்டு. எந்த நாளில், எவர் வந்து, எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்று அதில் பெருமையோடு பொறித்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபு வந்த ஒரே நாளில் வீழ்ந்தவை 4,273.

பெரியம்மாவின் நாற்காலியை அந்தக் கல்லின்முன் நிறுத்தினோம். எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தோம். பிறகு அவர், "நாம் வந்த கரையும் அவர்கள் துப்பாக்கியோடு போவதற்காகப் போட்டதுதானே? இன்றைக்கு இதில் என் நாற்காலி வருகிறது. நல்லது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

1964இல் நடந்ததே கடைசிப் பெருவேட்டை. மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972இல் முடிவுற்றது. 1981இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இது இடம்பெற்றது. 1982இல் தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. சுடுவதற்காகக் காத்த நீரைப் பார்ப்பதற்காகக் காக்கத் தொடங்கினர்.

ஆயினும் கதை அத்தோடு இனிதே முடியவில்லை. 1982 நவம்பரில் பூங்காவிற்குள் கால்நடை மேய்ப்பது தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எருமைகளை ஓட்டிவந்த சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் கொதித்தெழுந்தனர். காவலர் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். பின்னர் நடந்ததைக் கேளுங்கள். எருமைகள் நின்றதும், அவை தின்று கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல் கட்டற்று வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகள் நீந்துவதற்கும் கொக்குகள் கிழங்கு தோண்டுவதற்கும் இடம் குறைந்தது. 1980 முதல் 1990 வரை அங்கே ஆய்வு நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அறிஞர்கள் இவ்வுண்மையை வெளிப்படுத்தினர். அவ்வாய்வுக்குத் தலைமை வகித்த வி. எஸ். விஜயன் அவர்களே, பிறகு நம் கோவையில் 1990இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானார். மனிதரை முற்றிலும் வெளியே நிறுத்திவிட்டால் இயற்கை தானே செழிக்கும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியன்று என்பதைப் பரத்பூர் கற்பித்தது.

இன்னொரு துயரமும் உண்டு. சைபீரியாவிலிருந்து வந்து குளிர்காலத்தைக் கழித்த தூவெண்ணிறப் பெருங்கொக்குகள் 1960களில் இருநூறு வரை இங்கே காணப்பட்டன. ஆண்டுக்காண்டு அவை குறைந்தன. 2002ஆம் ஆண்டில் வந்த ஓர் இணைக்குப் பின் எதுவும் வரவில்லை. வரும் வழியில் வேட்டையாடப்பட்டது ஒரு காரணம். தங்குமிடங்கள் கெட்டது மற்றொரு காரணம். அவற்றைக் கண்ட பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அவை படத்தில் மட்டுமே உண்டு. அதே காலத்தில், கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின், பூங்காவிற்கு வரும் நீரும் குறைந்தது. உழவரும் தண்ணீர் கேட்டனர். பறவைகளுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் ஏரி காய்ந்து கிடந்தது. பின்னர்க் கோவர்த்தன் வடிகாலிலிருந்து நீர் கொணரும் திட்டம் நிறைவேறியதும் நிலைமை சற்றுத் தேறியது. "தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்னும் பெரியம்மாவின் கேள்வி எத்துணை ஆழமானது என்பது இப்போது விளங்கும்.

இனி, நாங்கள் கற்ற பாடத்திற்கு வருவோம். நண்பகலுக்குச் சற்றுமுன் ஒரு நீர்க்கரையில் தங்கினோம். எங்களுள் இளைஞர்கள் கரையோரமாக அங்குமிங்கும் நடந்தார்கள், நின்றார்கள், கையை நீட்டிச் சுட்டினார்கள். அவர்கள் போன இடமெல்லாம் பறவைகள் விலகிப் போயின. பெரியம்மாவோ ஒரு புதரின் ஓரத்தில் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்தார். அரைமணி சென்றது. முதலில் நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழிகள் அருகே வந்தன. பிறகு நீலத் தாழைக்கோழி ஒன்று தன் நீண்ட செவ்விரல்களால் தண்டைப் பற்றி ஒடித்துத் தின்றது. இலைக்கோழி, மிதக்கும் இலைகள்மேல் தரையில் நடப்பதுபோல் நடந்து போயிற்று. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்குமேல் நீட்டிச் சென்று, கரையேறி, இறகுகளை வெயிலில் விரித்துக் காயவைத்தது. இவையெல்லாம் அவரிடமிருந்து பத்துப் பதினைந்து முழத் தொலைவில்! நாங்கள் திரும்பி வந்து, "இன்று பறவைகள் அதிகம் இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டபோது, அவர் வாயில் விரல் வைத்து எங்களை அமரச் சொன்னார். அமர்ந்தோம், கண்டோம்.

ரிக்ஷாக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கம் தந்தார். நிமிர்ந்து நடமாடும் உருவத்தைக் கண்டுதான் பறவை அஞ்சுகிறது. தாழ அமர்ந்து அசையாமல் இருப்பவரை அது விரைவில் பொறுத்துக்கொள்கிறது. பறவை நோக்குவோர் உலகெங்கும் மறைகுடில் கட்டிக்கொண்டு அதனுள் அமர்வது இதனால்தான். மறைகுடில் என்பதும் முதலில் வேட்டைக்காரன் கண்டுபிடித்ததே. இன்று அது பார்ப்பவனுக்குப் பயன்படுகிறது. நம்மில் விரைந்து நடப்பவர்கள் கண்டதைவிட, நடக்க இயலாதவர் அன்று மிகுதியாகக் கண்டார். அவருக்கு வேண்டியிருந்தது எங்கள் இரக்கமன்று. ஒரு சமமான பாதை மட்டுமே.

வீடு திரும்பிய பிறகு எங்கள் குழுவினர் இதுபற்றிச் சற்றுப் படித்தோம். சேற்றுநிலத்தின்மேல் கால் நட்டு, பலகை பரப்பி அமைக்கும் நடைபாதைகள் பல நாடுகளில் உள்ளன. மண்ணும் வேரும் மிதிபடாமல் காப்பாற்றுவதும் அவையே. நடக்க இயலாதவரை நீரின் நடுவுக்கு அழைத்துச் செல்வதும் அவையே. லண்டன் மாநகரில் பயனற்றுப்போன நான்கு நீர்த்தேக்கங்களை மாற்றி, 2000ஆம் ஆண்டில் ஓர் ஈரநில மையத்தைத் திறந்தனர். பீட்டர் ஸ்காட் என்னும் பறவையறிஞர் 1946இல் நிறுவிய அறக்கட்டளையின் பணி அது. அங்குள்ள மூன்றடுக்கு மறைகுடிலுக்கு மின்தூக்கி உண்டு. மேல்தளத்துக் காட்சி கால் வலியவர்க்கு மட்டும் உரியதன்று என்று அவர்கள் கருதினர்.

இத்தகைய பாதைக்குரிய இலக்கணம் கடினமானதன்று. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமாயின் பன்னிரண்டு அடி நீளத்துச் சாய்வு வேண்டும். அகலம் குறைந்தது 1.2 மீட்டர், இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வந்து கடப்பதற்கு 1.8 மீட்டர். பலகைகளைச் செல்லும் திசைக்குக் குறுக்காகப் பரப்ப வேண்டும். நெடுக்காகப் பரப்பினால் இடுக்கில் சக்கரம் சிக்கும். ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சிறு வரம்புக்கட்டை வேண்டும். மறைகுடிலின் சாளரங்களுள் சிலவேனும் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். சாளரப் பலகைக்குக் கீழே முழங்கால் நுழைய இடம் விட வேண்டும். சாளரத்தைத் தாழ வைத்தால் நாற்காலியில் இருப்பவர் மட்டுமா காண்பார்? ஐந்து வயதுக் குழந்தையும் காணும். சாய்வுப் பாதையில் சக்கர நாற்காலி மட்டுமா செல்லும்? குழந்தை வண்டி தள்ளும் தாயும், முழங்கால் நோவுடைய தாத்தாவும், காய்கறிக் கூடையோடு வருபவரும் செல்வர். ஒருவருக்காக இடும் பாதை ஊருக்கே பாதையாகிறது. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை உரிமையாகவே வகுத்துள்ளது, கருணையாக அன்று.

இதில் இன்னொன்றும் அடங்கியுள்ளது. ஈரநிலத்தைக் காப்பவர் யார்? கண்டவர்களே காப்பார்கள். வேடந்தாங்கல் உழவர்கள் பறவைகளோடு வாழ்ந்தமையால் அவற்றுக்காக முறையிட்டனர். காணாத ஒன்றுக்காக யாரும் வழக்காட மாட்டார்கள். நம் தலைநகரைச் சுற்றியும், நம் சொந்த ஊர்களிலும் ஏரிகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்து வீட்டுமனைகளாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவற்றைக் காண்பதற்கு எல்லாருக்கும் வழி அமைத்தால், அவற்றுக்காகப் பேசவும் எல்லாரும் இருப்பார்கள். முதியவர்களையும் நோயுற்றோரையும் வீட்டில் விட்டுவிட்டுச் சென்றால், பறவைகளையும் ஏரிகளையும் பழைய நாளிலிருந்து அறிந்தவர்களையே நாம் இழந்து செல்கிறோம். பரத்பூரில் எங்களுக்குச் சரியான கேள்வியைக் கேட்கக் கற்றுத்தந்தவர், நாங்கள் பதினொரு ஆண்டுகள் வாயிற்படியில் விட்டுச் சென்றவரே!

மாலையில் திரும்பும்போது பட்டைத்தலை வாத்துக் கூட்டமொன்று எங்கள் தலைக்குமேல் பறந்தது. தலையில் இரண்டு கரும்பட்டைகள் உடைய அவ்வாத்துகள் இமயத்தைக் கடந்து வருபவை. அவ்வினத்தின் கூட்டங்கள் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் வரையிலும் செல்கின்றன. பெரியம்மா அண்ணாந்து பார்த்து, பிள்ளைகளை அருகழைத்து, சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட கதையைச் சொன்னார். பாட்டையும் முழுவதும் சொன்னார். பள்ளியில் அதை மனப்பாடம் செய்ய மறுத்த பிள்ளைகள், அன்று பேருந்து ஊர் சேருமுன் அதை ஒப்பித்தார்கள்.

பெரியோர்களே! உரையை முடிக்குமுன் ஒன்றைச் சொல்லாமல் இறங்குவது நேர்மையாகாது.

இன்று இவ்வவையில் பெரியம்மா இல்லை. உங்களுள் பலர் உள்ளே வரும்போது அவரைத் தேடியிருப்பீர்கள். இம்மண்டபத்தின் வாயிலில் நான்கு படிகள் உள்ளன. ஆண்டுதோறும் நம் இளைஞர்கள் அவரிடம் சென்று, "நாற்காலியோடு தூக்கி வந்துவிடுகிறோம், பெரியம்மா" என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆண்டுதோறும் அவர் தரும் விடை ஒன்றே: "பொருளைத் தூக்குவார்கள், தம்பி. நான் விருந்துக்கு வருகிறவள்." விழா மலரை மறுநாள் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நூற்றெண்பது கிலோமீட்டர் தொலைவில், வேற்றூரில், வேட்டைக்காக இட்ட கரையின்மேல் அவரால் வர முடிந்தது. நூற்றெண்பது அடி தொலைவில் உள்ள நம் சொந்தச் சங்கத்துக்கு வர முடியவில்லை. இந்தக் குறையை நாங்கள் வேறு எவர்மீதும் சுமத்தவில்லை. பதினொரு ஆண்டுகள் அப்படிகளில் ஏறி இறங்கிய நம் அனைவர்மீதும்தான் சுமத்துகிறோம்.

சென்ற வாரம் அளந்து பார்த்தோம். நான்கு படிகளின் மொத்த உயரம் 60 சென்டிமீட்டர். பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கின்படி 7.2 மீட்டர் நீளத்துச் சாய்வுப் பாதை போதும். வாயிலின் இடப்புறம் நாம் ஸ்கூட்டர்களை நிறுத்தும் இடம் அதைவிட நீளமானது. ஸ்கூட்டர்கள் பின்புறம் செல்ல இசைந்தால், பாதை முன்புறம் வந்துவிடும். சுற்றுலா நிதியில் மீந்த தொகையை அதற்கு அளிக்க எங்கள் குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது. போதாததை நீங்கள் நிறைவு செய்வீர்கள் என்று நம்புகின்றோம். செயற்குழு இதனைத் தீர்மானமாக ஏற்க வேண்டுமென்று இவ்வவையின் முன்னிலையில் தலைவர் அவர்களைப் பணிவோடு வேண்டுகின்றோம்.

அடுத்த ஆண்டு விழாவில் பரத்பூரைப் பற்றி நாங்கள் பேச மாட்டோம். பெரியம்மா பேசுவார். இந்த மேடைக்கும் படிகள் உண்டு என்பதை அறிவோம். ஒலிவாங்கியைக் கீழே இறக்கிவைத்தால் போதும். இன்றைய உரையை அவரிடம் முன்கூட்டியே படித்துக் காட்டினோம். இதில் பறவைகளைப் பற்றி மூன்று பிழைகள் இருப்பதாகச் சொன்னார். எவை என்று கேட்டோம். "வந்து சொல்கிறேன்" என்றார்.